மஹிந்திராவுக்கு எது சரி: காடுமேடு ஏறும் தாரா, சீறிப் பாயும் பிஇ 6-ஆ?

கல்லட்டி36:

மஹிந்திரா இப்போது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறது. ஒரு பக்கம் தார், ஐந்து கதவுள்ள தார் ராக்ஸ், ஸ்கார்ப்பியோ-என். எல்லாம் லேடர் ஃபிரேம் வண்டிகள், அதாவது ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பூட்டியவை. 1947ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்த காலத்திலிருந்து வரும் வம்சம் அது. இன்னொரு பக்கம் 2024 நவம்பரில் சென்னையில் திரை விலக்கிக் காட்டிய பிஇ 6, எக்ஸ்இவி 9இ என்ற மின்வண்டிகள். பிஇ 6-இன் பெரிய பேட்டரி மாடல் 6.7 விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்கிறார்கள். சரிந்த கூரை, 19 அங்குல வீல், விமானி அறை மாதிரி டிரைவர் சீட். 2025 ஆகஸ்டில் பேட்மேன் எடிஷன் என்று 999 வண்டி விட்டார்கள், 135 விநாடியில் தீர்ந்துபோனது.

வண்டி நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கைராசி உண்டு. மஹிந்திரா அதை விட்டு விலகியபோதெல்லாம் என்ன ஆனது என்று பாருங்கள். 2007ல் லோகன் செடான், 2012ல் குவான்டோ, 2016ல் கேயுவி100, 2018ல் மராஸோ. நான்கும் இன்று ஷோரூமில் இல்லை. மறுபக்கம் 2002ல் வந்த ஸ்கார்ப்பியோ கம்பெனியையே தூக்கி நிறுத்தியது. 2024 அக்டோபரில் ராக்ஸுக்கு முன்பதிவு திறந்ததும் முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218 பேர் பணம் கட்டினார்கள்.

வேகமாகப் போகிற, பளபளப்பான எஸ்யூவி எல்லாரும் செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் கிரெட்டா என் லைன் வரைக்கும் வந்துவிட்டது. மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு ஊர்ந்து ஏற உதவும் லோ ரேஞ்ச் கியரோடு, நியாயமான விலையில், நிஜமாகவே மலை ஏறும் வண்டியை இந்தியாவில் யார் செய்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே பணத்தைப் போட வேண்டாமா?

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. 2020ல் இந்தத் தார் வந்தபோது எல்லா மாடலிலும் நாலு சக்கரத்துக்கும் விசை போகும் 4×4 இருந்தது. 2023 ஜனவரியில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள மாடல் வந்தது. ராக்ஸில் 4×4 வேண்டுமானால் டீசல்தான், அதுவும் மேல் மாடல்களில்தான். ஸ்கார்ப்பியோ-என்னிலும் டீசலில் மட்டும். எக்ஸ்யுவி700-இல் டீசல் ஆட்டோமேட்டிக் டாப் மாடலோடு கட்டிப்போட்டார்கள். வெளியே முரட்டுத் தோற்றத்தைக் காட்டிவிட்டு உள்ளே இருக்க வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுகிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஈசிஆர்பறவை:

அண்ணா, வணக்கம். கொஞ்சம் எதிர்க்கட்சி.

நீங்கள் ரோட்டில் பார்க்கும் தார்களில் எத்தனை சேற்றைப் பார்த்திருக்கும்? வேளச்சேரி மால் பார்க்கிங் சரிவில் ஏறுவதுதான் பெரும்பாலான தார்களுக்கு வாய்க்கும் மலையேற்றம். அந்த 4×4 லிவர் புத்தம் புதிதாகவே இருக்கும். 4×4 இல்லாத தாரைக் கம்பெனி 9.99 லட்சத்தில் இறக்கியதும் ஜனங்கள் முகம் சுளித்தார்களா? வரிசையில் நின்று வாங்கினார்கள்.

உங்கள் வாதத்துக்கு நல்ல பரிசோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. அதன் பெயர் ஜிம்னி. 2023 ஜூனில் மாருதி 12.74 லட்சத்தில் கொண்டுவந்தது. எல்லா மாடலிலும் 4×4, லோ ரேஞ்ச், லேடர் ஃபிரேம், 1,200 கிலோ எடை. சேற்றில் விட்டால் தாரையே கிண்டல் செய்யும். இங்கே விற்றதா? மாதங்களிலேயே லட்சக் கணக்கில் தள்ளுபடி கொடுக்க வேண்டி வந்தது. அதே வண்டியை இங்கிருந்து ஜப்பானுக்கு அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் அங்கே நான்கே நாளில் 50,000 ஆர்டர் குவிந்து முன்பதிவையே நிறுத்தினார்கள். இந்தியாவில் 4×4-க்காக யாரும் தாரை வாங்கவில்லை, அதன் தோரணைக்காகத்தான் வாங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் அந்தக் கைராசிக் கணக்கு. எக்ஸ்யுவி500-ஐயும் 700-ஐயும் வசதியாக விட்டுவிட்டீர்களே! இரண்டும் மோனோகாக் (தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக இருப்பது), இரண்டும் ரோட்டுக்காகச் செய்த வண்டி. 700-இல் 200 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின். 2021 அக்டோபரில் முதல் 25,000 முன்பதிவு 57 நிமிடத்தில் முடிந்தது. ஜீப் வம்சம் மட்டும்தான் விற்கும் என்றால் இது எப்படி?

டீசல்வாசம்:

பறவை தம்பி சொல்வதில் பாதி சரி. தார் வாங்குகிறவர் பனியன் கம்பெனி முதலாளி, ரீல்ஸ் போடும் பையன், கல்யாண வீட்டுக்காரர். ஆனால் இவர்களுக்கு அந்தத் தோரணை எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். எங்கோ யாரோ ஒருவர் நிஜமாகவே அதைப் பாறை மேல் ஏற்றியதால்தான் வந்தது. இகத்புரியில் மஹிந்திராவே ஆஃப்ரோடு ஓட்டப் பயிற்சிக் கூடம் வைத்திருக்கிறது. அதையெல்லாம் மூடிவிட்டு வெறும் முரட்டு பம்பரை மட்டும் விற்கச் சொல்லுங்கள், நாலைந்து வருஷத்தில் தோரணையும் போய்விடும்.

டாடா சஃபாரி ஞாபகம் இருக்கிறதா? 1998ல் வந்த பழைய சஃபாரிக்கு 4×4 இருந்தது. 2021ல் அதே பெயரில் வந்தது முன்சக்கர இழுவை மட்டும். நல்ல வண்டி, நன்றாக விற்கிறது. ஆனால் அதைப் பார்த்து யாருக்காவது மலை ஏற ஆசை வருகிறதா?

ஈசிஆர்பறவை:

நன்றாக விற்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே அண்ணா. கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? :)

வாட்ஸ்லிங்க்:

சஸ்பென்ஷன் பாகங்கள் செய்யும் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எதைச் செய்ய வேண்டும்" என்பதற்கு முன்னால் "ஒரே வண்டியில் ஏன் இரண்டையும் செய்ய முடியாது" என்பதைப் பார்க்க வேண்டும். பாறையில் ஏறும்போது ஒரு பின்சக்கரம் மேலே போனால் மறுசக்கரம் கீழே நன்றாகத் தொங்கித் தரையைத் தொட வேண்டும். இதற்கு ஒரே துண்டான பின் அச்சு நல்லது. ஒரு பக்கம் மேலே தள்ளினால் மறு பக்கம் தானாகக் கீழே இறங்கும். அச்சுக்குக் கீழே இருக்கும் இடைவெளியும் மாறாது. தாரில் இருப்பது இதுதான். 226 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், 650 மி.மீ. தண்ணீரில் இறங்கும் திறன் எல்லாம் இந்த அமைப்பைச் சுற்றித்தான் வருகின்றன.

அதே அச்சு நெடுஞ்சாலையில் தொல்லை. அச்சு, விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃப்ரென்ஷியல், பிரேக், சக்கரம் எல்லாம் சேர்ந்து ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் கனமான எடை. ஒரு பள்ளத்தில் விழுந்தால் அந்த எடை முழுவதும் ஆடி அடங்க நேரமெடுக்கும். பின்சீட்டில் இருப்பவருக்கு வயிறு குலுங்கும். வளைவில் 120-இல் திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறினால் மறு பக்கமும் அசையும்.

ஸ்கார்ப்பியோ-என்னில் இதற்குப் பெரிய வேலை பார்த்திருக்கிறார்கள். பழைய முறையில் அச்சு இடம் வலமாக நகராமல் பிடிக்க ஒரு நீளக் கம்பி இருக்கும். அதன் ஒரு முனை உடலில், மறு முனை அச்சில். சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது அந்தக் கம்பி ஒரு வட்டப் பாதையில் சுழல்வதால் அச்சு கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளப்படும். வேகத்தில் வண்டியின் பின்பக்கம் லேசாக நெளிவது அதனால்தான். ஸ்கார்ப்பியோ-என்னில் அதற்குப் பதிலாக வைத்த வாட்ஸ் லிங்கேஜில் நடுவில் ஒரு சுழலும் துண்டு, இரண்டு பக்கமும் சிறு கம்பிகள். ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுத்துச் சமன் செய்துவிடும். அச்சு நேராக ஏறி இறங்கும். லேடர் ஃபிரேம் வண்டி இவ்வளவு ஒழுங்காக ஓடுகிறதே என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டது இந்தச் சின்னத் துண்டினால்தான்.

ஆனாலும் அது எக்ஸ்யுவி700 ஆகாது. பிஇ 6 ஆகவே ஆகாது. அங்கே பேட்டரி தரையோடு கிடக்கிறது, எடை முழுவதும் கீழே. திருப்பினால் சாய்வதே தெரியாது. பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக இயங்கும். அதைக் கொண்டுபோய்ப் பாறை மேல் விட்டால் ஒரு சக்கரம் காற்றில் தொங்கும்.

ஆக, ஒரே பிளாட்ஃபாரத்தில், அதாவது ஒரே அடித்தளத்தில், இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டான்தான் வரும். மராஸோ அப்படி வந்ததுதான்: லேடர் ஃபிரேம் மேல் முன்சக்கர இழுவை, ஏழு சீட். சௌகரியமான வண்டி, யாருக்காகச் செய்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. தனித்தனி பிளாட்ஃபாரம் வைத்து இரண்டையும் செய்வதில் தப்பே இல்லை. கேள்வி பணம்.

தேயிலைத்தோட்டம்:

நீங்கள் எல்லாரும் வார இறுதி ஓட்டத்தையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் வண்டி என்றால் தினமும் சோறு போடுவது.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறியிருக்கிறீர்களா? ரோடு என்று ஒன்று கிடையாது, உருண்டைக் கல்தான். அங்கே சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பும் ஜீப்புகளில் பெரும்பாலானவை பழைய மஹிந்திரா. பின்னால் பட்டை ஸ்பிரிங். திரை கிடையாது, சென்சார் கிடையாது. டிரைவர் கையில் ஒரு ஸ்பேனர் செட்டும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் இருந்தால் போதும், நடுவழியில் நின்றாலும் கிளப்பிவிடுவார். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் சத்தத்தை வைத்தே அடுத்த கல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

இவர்களுக்குப் புதுத் தார் எதற்கு? பின்சீட்டுக்கு முன்சீட்டை மடக்கி உள்ளே நுழைய வேண்டும், நாலு பேருக்கு மேல் இடமில்லை. மூட்டை ஏற்ற முடியாது. ராக்ஸில் இடம் இருக்கிறது, விலை எட்டாது. மேலே கூரையில் கண்ணாடி எதற்கு, சீட்டில் குளிர்காற்று எதற்கு? பிஇ 6 பற்றி நான் பேசவே இல்லை.

எங்கள் பக்கம் போகிற வண்டி பொலேரோவும் அதன் பிக்கப்பான கேம்பரும்தான். 2000ல் வந்த பொலேரோ இன்னும் விற்கிறது, யாரும் அதைப் பற்றி வீடியோ போடுவதில்லை. ஸ்போர்ட்டியா, முரடா என்று பட்டிமன்றம் வைக்கும்போது வேலைக்கார வண்டிக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

கல்லட்டி36:

அருமையாகச் சொன்னீர்கள் ஐயா. நான் கேட்க வந்ததும் கிட்டத்தட்ட இதுதான், கணக்கோடு சொல்கிறேன்.

தாரில் இரண்டு டீசல் இன்ஜின். 1.5 லிட்டர், 2.2 லிட்டர். 1.5-இல் 117 குதிரைத்திறன், 2.2-இல் 130. டார்க், அதாவது இழுவிசை, இரண்டிலும் 300 நியூட்டன் மீட்டர்தான். இப்போது வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-இலிருந்து நாலு மீட்டருக்குள் நீளமும் 1,500 சிசிக்குள் டீசல் இன்ஜினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். இல்லையென்றால் 40. மூன்று கதவுத் தார் 3,985 மி.மீ. நீளம், அதாவது நாலு மீட்டருக்குள் அடங்குகிறது. 1.5 டீசல் தாருக்கு 18, 2.2 டீசல் தாருக்கு 40. ஒரே உடல், ஒரே இழுவிசை, வரியில் இரட்டிப்புக்கும் மேல்.

4×4 எந்த இன்ஜினோடு வருகிறது? 40 சதவீத இன்ஜினோடு! 1.5-இல் பின்சக்கர இழுவை மட்டும். 1.5 டீசலோடு, விசையை முன்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸைப் பூட்டிக் கொடுத்தால், அலாய் வீல் வேண்டாம், பெரிய திரை வேண்டாம், மலைக்காரனும் விவசாயியும் வாங்கும் விலையில் ஒரு 4×4 கிடைக்கும். ஜிம்னியால்கூட அந்த விலைக்கு வர முடியாது. அது 1,462 சிசி பெட்ரோல், பெட்ரோலுக்கு வரம்பு 1,200 என்பதால் அதுவும் 40-இல் மாட்டுகிறது.

பிஇ 6-க்குக் கொட்டிய பணத்தில் ஒரு சின்னப் பங்கை இதற்குப் போட்டிருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

வாட்ஸ்லிங்க்:

கணக்கு சரி. நடைமுறையில் ஒரு இடறல் மட்டும் சொல்கிறேன். உச்ச டார்க் ஒன்றாக இருக்கலாம், ஆனால் சின்ன இன்ஜினில் டர்போ எழுவதற்கு முன் மூச்சு குறைவு. டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரென்ஷியல், முன் ஆக்ஸில் தண்டுகள் எல்லாம் சேர்ந்தால் நல்ல எடை கூடும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது அது தெரியும். லோ ரேஞ்சில் போட்டால் தெரியாது. ஆக, செய்ய முடியாத வேலை இல்லை. செய்தால் தங்கள் 2.2 டீசல் தாரையே அது தின்றுவிடும் என்ற பயம்தான் என்று நினைக்கிறேன்.

பொலேரோ நியோவின் மேல் மாடலில் பின் அச்சுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃப்ரென்ஷியல் கொடுத்தார்கள். ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் பூட்டு விழுந்து இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும், பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசை போகும். 4×4 இல்லாமலே பாதிச் சேற்றைத் தாண்டிவிடலாம். தோட்டத்து ஐயாவுக்கு அது பயன்படலாம்.

வேளச்சேரிவாசி:

மலை, மலை என்றே போகிறதே. சென்னைக்காரர்கள் எங்களுக்கு ஆஃப்ரோடு வீட்டு வாசலுக்கே வரும். :(

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது எங்கள் தெருவில் கார்களெல்லாம் மிதந்தன. அதற்கப்புறம்தான் வீட்டில் ராக்ஸ் வாங்கலாம் என்ற பேச்சு வந்தது. அலுவலகத்தில் ஆண்கள் எல்லாரும் "மேடம், அது காட்டுக்குப் போகிற வண்டி" என்றார்கள். எனக்குக் காடு வேண்டாம், முழங்கால் தண்ணீர் தாண்டினால் போதும். 4×4 இல்லாத மாடல்தான் எடுத்தோம்.

நல்லது: உயரத்தில் உட்கார்ந்தால் முன்னால் நாலு வண்டி தாண்டித் தெரிகிறது. பஸ்காரர்கள் என்னை வெட்டிக்கொண்டு போவது நின்றுவிட்டது. முன்பு இருந்த ஹேட்ச்பேக்கில் இருந்த மரியாதையும் இதில் இருக்கும் மரியாதையும் ஒன்றல்ல. கெட்டது: அம்மா ஏறுவதற்குப் படாத பாடு. முட்டிவலி. முதலில் வலது கையால் உள்ளே இருக்கும் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும், இடது காலைப் பக்கப்படியில் வைத்து, ஒரு தடவை மூச்சு வாங்கி, அப்புறம் ஒரே எம்பு. இறங்கும்போது நான் கீழே நின்று பிடித்துக்கொள்கிறேன். கோயிலுக்குப் போகும் நாட்களில் ஆட்டோ எடுத்துவிடலாம் என்கிறார்.

ஆக, எனக்கு வேண்டிய வண்டியை யாரும் செய்யவில்லை: தண்ணீரில் இறங்கும் உயரம், ஆனால் ஏறுவதற்குத் தாழ்வு.

டீசல்வாசம்:

மேடம், ஒரு எச்சரிக்கை. 650 மி.மீ. என்பது நின்ற தண்ணீரில் மெதுவாகப் போனால். வேகமாக இறங்கினால் பானெட்டுக்கு முன்னால் அலை எழும்பி இன்ஜின் மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போகும். முதல் கியரில், ஒரே சீராக, நடுவில் நிற்காமல், கியர் மாற்றாமல் தாண்டுங்கள். எதிரே பஸ் வந்தால் அது போகும் வரைக்கும் மேட்டிலேயே காத்திருங்கள். தாண்டிய பின் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக அழுத்திக் காய வையுங்கள். நடுத்தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள்.

பஞ்சர்கடை:

கிருஷ்ணகிரி பக்கம் நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருக்கிறேன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் தரையைத் தொடும் இடம் மட்டும்தான்.

தாரின் 18 அங்குல டயர் 255/65. அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், அதாவது கிட்டத்தட்ட 166 மி.மீ. பிஇ 6-இன் 19 அங்குலம் 245/55, கிட்டத்தட்ட 135 மி.மீ. 20 அங்குலம் போட்டால் 245/50, 122 மி.மீ.தான். கம்பெனி எதுவாக இருந்தாலும் இதே கதை: வீல் பெரிதாக ஆக ரப்பர் ஒல்லியாகும். பள்ளத்தில் இறங்கும்போது அடியை வாங்குவது அந்த ரப்பரும் அதில் இருக்கும் காற்றும்தான். அது போதவில்லையென்றால் அடுத்து அடி வாங்குவது அலாய்.

மழைக்காலம் முடிந்ததும் கடைக்கு வருகிற வண்டிகளில் கொஞ்சம் பேருக்கு ஒரே புகார்: "80-க்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது." வீலைக் கழற்றி பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டால் உள் விளிம்பு ஒரு இடத்தில் மடங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கச்சுவரில் கையை வைத்துத் தடவிப் பார்த்தால் ஒரு இடத்தில் முட்டை மாதிரி புடைத்திருக்கும். உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகக்கூடாது. சொன்னால் பாதிப் பேர் "அடுத்த மாதம் மாற்றுகிறேன்" என்பார்கள்.

தார் வருவது வேறு காரணத்துக்கு. பையன்கள் கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு முரட்டுக் கட்டை டயர் கேட்பார்கள். போட்டபின் ஒரு மாதத்தில் திரும்பி வந்து "அண்ணே, சத்தம் தாங்கவில்லை, மைலேஜும் போச்சு" என்பார்கள். இரண்டு பக்கமும் எனக்கு வியாபாரம்தான், ஆனால் நம்ம ரோட்டுக்கு எது சரி என்று கேட்டால் பக்கச்சுவர் உயரமாக இருப்பதுதான் சரி. வேகமான வண்டியே செய்யட்டும், 17 அங்குல வீலோடு ஒரு மாடல் கொடுக்கட்டுமே. போட்டோவில் அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

ஈசிஆர்பறவை:

டயர் அண்ணா, இது ஒத்துக்கொள்ளக்கூடிய பேச்சு. வேக வண்டி என்றாலே பெரிய வீல் என்பது டிசைனர்களின் பிடிவாதம், வேகத்துக்கும் அதற்கும் அவ்வளவு சம்பந்தமில்லை.

ஆனால் மின்சாரம் வந்தபின் இந்தச் சண்டையே மாறப்போகிறது. 2025 ஜூனில் டாடா ஹாரியர் இவி-யில் முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார் வைத்தார்கள். நூறைத் தொட 6.3 விநாடி. அதே இரண்டு மோட்டார்தான் சேற்றிலும் இழுக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் கிடையாது, நடுவில் ஓடும் தண்டு கிடையாது. மோட்டாருக்குச் சுற்ற ஆரம்பித்த நொடியிலேயே முழு டார்க் என்பதால் ஊர்ந்து ஏறுவதும் சுலபம். மஹிந்திராவே 2023ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தார்.இ என்று ஒரு மாதிரி வண்டியைக் காட்டியது. அதைக் கொண்டுவரட்டும், உங்கள் கட்சியும் என் கட்சியும் ஒரே வண்டியில் போகலாம்.

தேயிலைத்தோட்டம்:

கொழுக்குமலையில் சார்ஜ் எங்கே போடுவது தம்பி?

ஈசிஆர்பறவை:

சூரியநெல்லியில் போட்டுவிட்டு ஏறுங்கள் ஐயா. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, பாதி தானாகவே நிரம்பிவிடும். :) (சரி சரி, பாதி நிரம்பாது. கொஞ்சம் நிரம்பும்.)

செய்யாறுசாலை:

மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் விட்ட ஒரு விஷயம்: கஃபே விதி.

ஒரு கம்பெனி விற்கும் எல்லாக் கார்களின் கரியமில வாயு சராசரிக்கும் அரசு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022-23-இலிருந்து இரண்டாம் கட்டம், நாட்டின் மொத்தச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 113 கிராம் என்பது இலக்கு. வண்டியின் எடையைப் பொறுத்துக் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 2027 ஏப்ரலில் அடுத்த கட்டம் இன்னும் இறுக்கமாக வரவிருக்கிறது. மாருதிக்குச் சின்னக் கார்கள் இருக்கின்றன, சராசரி தானாக இறங்கும். மஹிந்திராவிடம் என்ன இருக்கிறது? 2024-25-இல் உள்நாட்டில் விற்ற 5.5 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளும் எஸ்யூவி. தார், ஸ்கார்ப்பியோ, பொலேரோ எல்லாம் கனம், பெரும்பாலும் டீசல்.

மின்வண்டி இந்தக் கணக்கில் பூஜ்ஜியம். அதுமட்டுமில்லை, ஒரு மின்வண்டியை ஒன்றுக்கு மேற்பட்டதாக எண்ணிக்கொள்ளவும் சலுகை உண்டு. ஆக ஒவ்வொரு பிஇ 6 விற்கும்போதும் சில தார்களுக்கு இடம் கிடைக்கிறது. பிஇ 6-ஐ நிறுத்திவிட்டுத் தாரில் பணத்தைப் போடு என்றால், போட்ட தாரை விற்க முடியாமல் அபராதம் கட்ட வேண்டி வரும்.

அந்த வண்டி ஏன் வேகமாக, படம் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மின்வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்க வைக்க வேண்டும். சாதுவாக ஒரு பெட்டியைச் செய்தால் ஜனங்கள் "இதற்கு டீசலே போதும்" என்று போய்விடுவார்கள்.

நம்ம ஊர்ப் பெருமையாக ஒன்று: இந்த இரண்டு ஜாதி வண்டிகளையும் சோதிக்கும் பாதை செய்யாறில்தான் இருக்கிறது, 454 ஏக்கரில். செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆராய்ச்சி மையம். செய்யாறு பாதையில் மேடு, பள்ளம், சேறு, அதிவேக வளைவு எல்லாம் ஒரே மதில் சுவருக்குள். அவர்கள் இரண்டையும் சேர்த்தே செய்யத் தயாராகித்தான் இருக்கிறார்கள்.

கல்லட்டி36:

கஃபே கணக்கு வலுவான வாதம். பிஇ 6 தாருக்குச் சோறு போடுகிறது என்றால் பிஇ 6 இருக்கட்டும், நூறு எடிஷன் போடட்டும். ஆனால் சோறு தாருக்குத்தான் போய்ச் சேர்கிறதா? அங்கே இடித்துக்கொண்டே இருக்கிறது. கிடைத்த இடத்தில் இன்னும் டாப் மாடல், இன்னும் பெரிய திரை என்று போவதற்குப் பதிலாக 1.5 டீசல் 4×4 ஒன்று வரட்டும். எடை கூடினாலும் சின்ன இன்ஜின் என்பதால் கரியமில வாயு அளவும் 2.2-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். செய்யாறு நண்பர் சொன்ன கணக்குக்கும் அது நல்லதுதானே?

வாட்ஸ்லிங்க்:

நல்லதுதான். நான் பந்தயம் கட்டமாட்டேன், ஆனால் வந்தால் முதலில் நானே புக் செய்வேன்.

டீசல்வாசம்:

அதற்கு முந்திக்கொண்டு ரீல்ஸ் பையன்கள் புக் செய்துவிடுவார்கள். :)

புதுசு_பழகுனர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலம். வீட்டில் நாலு பேர், மாதம் ஒரு தடவை ஏற்காடு, வருஷம் ஒரு தடவை சபரிமலை. நண்பர்கள் ராக்ஸ் 4×4 டீசல் எடு என்கிறார்கள், மனைவி பிஇ 6 கேட்கிறார். இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். இவ்வளவு படித்தபின் இன்னும் குழப்பம். யாராவது நேராகச் சொல்லுங்கள்.

வாட்ஸ்லிங்க்:

ஏற்காடு முழுக்கத் தார் போட்ட ரோடு, 4×4-க்கு வேலையே இல்லை. வீட்டில் சார்ஜர் போட இடமிருந்தால் மனைவி சொல்வதைக் கேளுங்கள். இல்லையென்றால் ராக்ஸ் 4×2, பின்சக்கர இழுவை மட்டும் உள்ளது. மிச்சமாகும் பணத்தை டயரிலும் இன்சூரன்ஸிலும் போடுங்கள்.

தேயிலைத்தோட்டம்:

ராக்ஸ் எடுத்தால் பின்சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் மோசமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். முன்சீட்டில் இருக்கும் சுகம் பின்னால் இருக்காது. ஷோரூம்காரர் நல்ல ரோட்டில்தான் கூட்டிப்போவார்.

பஞ்சர்கடை:

எதை எடுத்தாலும் பணம் கட்டுவதற்கு முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, இருந்தால் மற்ற நாலு டயரின் அளவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சர் கிட் மட்டும் கொடுத்தால் பக்கச்சுவர் கிழிந்தபின் அது உதவாது. சபரிமலைக்கு ராத்திரியில் போகிறவர் நீங்கள்.

புதுசு_பழகுனர்:

ஸ்டெப்னி பற்றிக் கேட்கவே தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஷோரூம் போகிறேன், இந்தத் தடவை பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பின்சீட்டில் அம்மா என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.